கையை எடுக்கவில்லை

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சித்தேரி மலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஒரு துணிகூட ஒழுங்காகக் காயவில்லை. டாக்டர் தீபாவளி லீவு. சுகாதார நிலையத்தில் நர்ஸ் என்று நான் ஒருத்திதான். வாங்க வேண்டியவை: டீத்தூள், கொசுவர்த்தி, குடை. அம்மாவுக்கு போன் போட்டேன், டவர் இல்லை. சுவரோடு பேசாத குறை.

அக். 15, புதன்

வலது கை இன்னும் மரத்துக் கிடக்கிறது. எழுத்து கோணல்.

பொன்னியை நடத்தியே கூட்டி வந்தார்கள். தலைப்பிரசவம். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகை. பனிக்குடம் வீட்டிலேயே உடைந்திருக்கிறது. "நடந்தா சீக்கிரம் பொறந்துரும்னு நடக்க வெச்சோங்க," என்றார் மாமியார். பார்த்தால், குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி வெளியே. படித்ததோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. தலை இறங்கிக் கொடியை நசுக்கினால் குழந்தை பிழைக்காது.

மாஸ்க், கையுறை. பொன்னியைக் குப்புற மண்டியிட வைத்து, இடுப்பைத் தூக்கி, உள்ளே விரல் விட்டுக் குழந்தையின் தலையை மேலே தள்ளிப் பிடித்தேன்.

"புள்ளத்தாச்சிய கவுத்துப் போட்டு என்னங்க பண்றீங்க? புள்ள மேல ஏறிக்காதா?" மாமியார் கத்தல்.

"ஏறணும்மா. அதுக்குத்தான்."

108 வந்தது. அரூர் ஆஸ்பத்திரி வரை மலை ரோடு முழுக்க அதே நிலை. வளைவுக்கு வளைவு சாய்ந்து விழுந்தேன், கையை எடுக்கவில்லை. விரலடியில் கொடி துடித்தது. ஒருமுறை நின்றது போலிருந்தது, தலையை இன்னும் மேலே தள்ளினேன், மறுபடி துடித்தது. பொன்னியின் அலறலில் நான் சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

ஆபரேஷன் தியேட்டரில், வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்த டாக்டரம்மா, "புள்ள வந்தாச்சு, கைய எடுங்க சிஸ்டர்," என்ற பிறகுதான் எடுத்தேன். பெண். அழுகை கேட்டது. பார்க்க நேரமில்லை, மலைக்குக் கடைசி பஸ். வாசலில் யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அக். 18, சனி

வெயில். மருந்து வாங்க அரூர். பஸ்ஸில் எல்லார் மடியிலும் பட்டாசுப் பை. எனக்குத் தீபாவளியன்றும் டியூட்டி.

வேலை முடிந்ததும் பிரசவ வார்டு. என்னைப் பார்த்ததும் பொன்னி என்ன சொல்வாள் என்று வழியெல்லாம் யோசனை. வெட்கக்கேடு.

மாமியார் டீ வாங்கப் போயிருந்தார். பொன்னி நிமிர்ந்து பார்த்தாள். "யாருங்கக்கா வேணும்?"

அவள் என் முகத்தையே பார்த்ததில்லை. அப்போதுதான் உறைத்தது. "பக்கத்துக் கட்டிலுக்கு வந்தேன்," என்று வாய் சொல்லிவிட்டது. ஏனோ.

"ஒரு நிமிசம் புள்ளய புடிச்சுக்குங்கக்கா. பாத்ரூம் போய்ட்டு வந்தர்றேன்."

வாங்கினேன். தலை என் வலது கையில் வந்து உட்கார்ந்தது. இந்தத் தலையை எனக்குத் தெரியும். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

திரும்பி வந்த பொன்னி என்னையே பார்த்தாள். "உங்களுக்குக் கொழந்த இல்லீங்களாக்கா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தேன்.