ரெண்டு கட்டத்திலும் முத்திரை

நாள் 402. காலை 06.30
காற்றழுத்தம் சரி. வெப்பம் 19. காற்று வடிகட்டி இரண்டில் ஒன்று இருமுகிறது. அதற்கும் என் வயசுதான் இருக்கும்.

இதை எடுத்துப் படிக்கிறவருக்கு: என் பேர் பூரணத்தாய். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஊரிலிருந்து முப்பத்தெட்டு நாள் தூரத்தில் விண்வெளியில் தனியாக மிதக்கிற ஆறாம் அஞ்சல் நிலையத்தின் காவலாள். இங்கே ஆள் நான் ஒருத்திதான், அதனால் அதிகாரியும் நான், பெருக்குகிறவளும் நான். காலிஸ்டோ நிலவில் இருக்கிற எங்கள் ஊர் புதுத்துறை சொல்வதைக் கூட்டரசின் தலைநகரத்துக்கு அனுப்ப வேண்டும். தலைநகரம் சொல்வதை ஊருக்கு வாசிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் கிண்டல் சேர்ப்பேன். அதற்குச் சம்பளம் கிடையாது.

நாள் 405. காலை 10.00
தலைநகரத்து அறிவிப்பு வந்தது. அப்படியே எழுதுகிறேன்.
"புதுத்துறை வாக்காளர் கவனத்திற்கு. கட்டம் ஒன்று: நேரடி ஆட்சி தொடர வேண்டும். கட்டம் இரண்டு: கூட்டரசுக்கு உட்பட்ட சொந்த மன்றம் வேண்டும். ஏதேனும் ஒன்றில் மட்டும் முத்திரை இடவும்."

சொந்த மன்றம் கிடைத்தால் எங்களைப் பிரிக்காதே என்று சொல்ல உரிமை வரும். கிடைக்காவிட்டால் ஊரை மூன்றாகப் பிரித்து மூன்று சுரங்கங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். உத்தரவு தயாராக இருக்கிறது.

வாசித்தேன். கடைசி வரியை மாத்திரை முழுங்குகிற மாதிரி வேகமாக வாசித்தேன். பிறகு என் வழக்கப்படி சேர்த்தேன்: "ரெண்டுலயும் குத்துங்க மக்கா. ஊரும் நம்மது, அரசும் நம்மது. யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம்."

வாக்குச்சாவடி அதிகாரி என் தம்பி பெண்டாட்டி உலகம்மாள். அவள் சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது. "மதினி, உங்க வாயை மட்டும் தனியாப் பூட்டி வைக்கணும்."

நாள் 411. மாலை 16.20
எண்ணிவிட்டார்கள். பதிவானது 540. ஒன்றாம் கட்டம் 81. இரண்டாம் கட்டம் 62. ரெண்டிலும் முத்திரை 397. அந்த 397-ம் செல்லாது.

நேரடி ஆட்சி ஜெயித்தது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காது குத்தானாலும் எழவு வீடானாலும் முதலில் கூட்டரசுப் பாட்டு, அடுத்து ஊர்ப் பாட்டு. ஒன்றை விட்டால் பந்தியில் யாரும் உட்கார மாட்டார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை கூட்டரசுக் கப்பலில் வேலை பார்க்கிறது. ஊருக்கு மட்டும் முத்திரை குத்துவது பெற்ற பிள்ளையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற மாதிரி. இப்படிப்பட்ட ஜனத்திடம் போய் ரெண்டிலும் குத்து என்றேன். அவர்களுக்கு அது கிண்டலாகவே படவில்லை. நியாயமாகப் பட்டிருக்கிறது.

நாள் 412. காலை 09.15
தலைநகரம்: "வாக்காளர்களை எவரேனும் தவறாக வழிநடத்தினரா? பத்து நாட்களுக்குள் வாக்குமூலமோ சாட்சியமோ கிடைத்தால் மறுவாக்கெடுப்பு நடைபெறும். அந்நபரின் பெயர் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்."

ஊர் சார்பில் உலகம்மாள்: "யாரும் எதுவும் சொல்லலை. எங்க புத்தியில நாங்களே குத்தினோம்."

அந்தப் பதிலை என் கையாலேயே அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தனியாக: "மதினி, சாப்பிட்டியளா? ஊர்ல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. நீங்களும் திறக்காதிய. கூட்டரசுக் கப்பல் வந்து உங்கள ஏத்திக்கிடட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிடவில்லை.

நாள் 415. காலை 07.00
ஒன்றாம் வடிகட்டி நின்றுபோனது. இரண்டாவது தனியாக இழுக்கிறது. கணக்குப்படி நாற்பது நாள் தாங்கும். என்னை ஏற்றிப்போகிற கப்பல் 428-இல் வருகிறது, கவலை இல்லை.

கப்பல் வாசலில் ஒரு விதி எழுதியிருக்கும்: பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும். ஏன் இதை எழுதுகிறேன் என்று எனக்கும் தெரியும், படிக்கிற உங்களுக்கும் தெரியும்.

இன்றைக்கு அலைவாங்கியை ரெண்டு தடவை துடைத்தேன். அதில் அழுக்கே இல்லை.

நாள் 419. காலை 10.00
பிரிவினைப் பட்டியல் வந்தது. வாசிக்க வேண்டியது நான். 612 பேர். முக்கால் மணி நேரம் ஆனது.
"சுடலைமுத்து, மூன்றாம் சுரங்கம். உலகம்மாள், வடக்குச் சுரங்கம்."
சுடலைமுத்து என் தம்பி. முதுகில் தூக்கி வளர்த்தேன்.

வாசித்து முடித்தேன். பிறகு உலகம்மாள்: "என்ன மதினி, இன்னைக்கு ஒண்ணும் சேர்க்கலையா?"

அவள் குத்திக்காட்டவில்லை. என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அதுதான் தாங்கவில்லை.

நாள் 421. காலை 05.40
அனுப்பிவிட்டேன். நகல் இது:
"பூரணத்தாய், ஆறாம் அஞ்சல் நிலையம். ரெண்டிலும் குத்தச் சொன்னது நான். ஊர் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறது. ஒலிப்பதிவு இணைத்திருக்கிறேன். இன்னொன்று, ஐயா. நிலையத்திலிருந்து நான் போட்ட வாக்கையும் எடுத்துப் பாருங்கள். நானும் ரெண்டிலும்தான் குத்தினேன். கிண்டல் மாதிரி சொன்னேனே தவிர, மனசில் இருந்ததுதான் அது. செல்லாது என்றீர்கள். எந்தக் கட்டத்தில் நாங்கள் பொய் சொன்னோம் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை."

ஒன்பது நாள் இதை மடியில் வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் ஊர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

நாள் 423. மாலை 15.00
"வாக்குமூலம் ஏற்கப்பட்டது. மறுவாக்கெடுப்பு 435ஆம் நாள். பெயர் நீக்கப்பட்டது. மேல்முறையீட்டு முடிவு தொண்ணூறு நாட்களுக்குள்."
அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை.

இரண்டாம் வடிகட்டி சூடேறுகிறது. நாற்பது நாள் கணக்கைக் கிழித்துப் போட்டேன். 440 தாண்டினால் பெரிய விஷயம்.

நாள் 428. பகல் 12.10
கப்பல் வந்தது. மாலுமி குரலில் நல்ல பையனாகத் தெரிந்தான். "அக்கா, மன்னிச்சுக்கிடுங்க. கதவு உங்க பேரைக் கேட்குது. நான் அமுக்கினாலும் திறக்கல. சாமான் இறக்குறதும் இதே கதவுதான்."
"தம்பி, பேரை மெதுவாச் சொல்லிப் பாருங்க. கூச்சப்படுதோ என்னமோ" என்றேன். அவன் சிரிக்கவில்லை.
ரெண்டு மணி நேரம் கதவோடு மல்லுக்கட்டினான். பிறகு போனான்.

நாள் 435. மாலை 18.00
உலகம்மாளே விதியை வாசித்தாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பதிவானது 539. சொந்த மன்றம் 488. நேரடி ஆட்சி 51. செல்லாதது ஒன்றுகூட இல்லை.
குத்திவிட்டு வெளியே வந்து அழுதவர்கள் உண்டாம். பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பியவர்கள். அந்த அழுகையும் என் கணக்கில்தான்.
ஊர் பிரியாது. இதை மட்டும் ரெண்டு தடவை எழுதுகிறேன். ஊர் பிரியாது.

நாள் 436. காலை 08.30
மன்றத்தின் முதல் தீர்மானம். வாசித்தது உலகம்மாள்: "பூரணத்தாய் புதுத்துறைக்காரி. யார் பதிவேட்டில் அடிச்சாலும் நம்ம பதிவேட்டில் இருக்கா. அவளைக் கூட்டிவர அரிசிப் படகு நாளைக்குக் கிளம்புது. மதினி, முப்பத்தெட்டு நாள் பொறுத்துக்கிடுங்க."

ஊருக்கு இருப்பது அந்த ஒரு படகுதான். பக்கத்து நிலவு கனிமீடிலிருந்து அரிசியும் மருந்தும் அதில்தான் வரும். போக வர எழுபத்தாறு நாள். வடிகட்டிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கலாம்; அதை ஊரிடம் நான் சொல்லவில்லை. பிணத்தை ஏற்ற எதற்கு அரிசிப் படகு.

பதில் அனுப்பினேன்: "உலகு, படகை நிறுத்து. மேல்முறையீட்டில் ஜெயிச்சிட்டேன். கப்பல் திரும்பி வருது. மாலுமிப் பையன் மாப்பிள்ளை மாதிரி இருக்கான், உங்க ஓட்டைப் படகுல நான் ஏறவா?"

ஊரே சிரித்தது. படகை நிறுத்திவிட்டார்கள்.

நான் சிரித்துக்கொண்டு சொன்னால் இந்த ஜனம் எதையும் நம்பிவிடும். தெரிந்தேதான் செய்தேன். இந்தத் தடவை தெரிந்தே.

நாள் 440. நேரம் பார்க்கவில்லை
தலைவலி. விரல் நீலம். உலகம்மாள் கூப்பிட்டாள். கப்பல் எங்கே வருது மதினி என்றாள். பக்கத்தில் என்றேன். பாட்டுப் போடச் சொன்னேன். ரெண்டு பாட்டும் போட்டார்கள்.

நாள் 441
இதை எடுக்கிறவர் கூட்டரசு ஆளாக இருந்தாலும் சரி, எங்கள் ஊர் ஆளாக இருந்தாலும் சரி. உலகம்மாளிடம் கப்பல் வழியில் உடைந்தது என்று சொல்லுங்கள். நான் பொய் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். இந்தக் குறிப்பை அவளிடம் கொடுக்கா