அஞ்சாவது சனிக்கிழமை

பாலக்கோடு,
கார்த்திகை 9, செவ்வாய்.

அன்பு மகள் கனிமொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிரிஸ்பேனில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிற மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, உங்களுக்கு நல்லா வேணும் என்பாள், அதோடு இதில் ஒரு தாளையும் வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, உன் அண்ணன் தமிழ்ச்செல்வன் விடிவதற்கு முன்பே டிராக்டரில் தக்காளியை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறான். அவன் நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் மனசு சரியில்லை.

நாங்கள் அங்கே வந்திருந்தபோது, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால் எங்களைக் கடலோரம் விரிகுடாவுக்குக் கூட்டிப்போனாயே, அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த நீளப் படகில் என்னை முன்னால் உட்காரவைத்து நீ பின்னால் இருந்து துடுப்புப் போட்டாய், ஒகேனக்கல் பரிசல் மாதிரி சுற்றாமல் அது நேராகப் போனது எனக்கே ஆச்சரியம். கூழைக்கடாக்களைக் காட்டினாய், சேற்றில் வளைந்த மூக்கோடு மேய்ந்த பறவை சைபீரியாவிலிருந்து வருகிறது என்றாய், அடேயப்பா இம்புட்டு தூரம் வந்து சேத்தைக் கிண்டவா என்று கேட்டேன், நீ அப்படிச் சிரித்து எத்தனை வருசம். பிறகு தூண்டில் போட்டாய். புரட்டாசி சனிக்கிழமையில் இதென்ன என்று மனசில் தோன்றினாலும் சும்மா இருந்தேன், உனக்கு எங்கே மீன் விழப்போகிறது என்ற எண்ணம்தான். விழுந்துவிட்டது. அப்பா, புடிச்சிட்டேன் பாருங்க என்று நீ கத்தியதும் நான் திரும்பி, வுடு தண்ணியில, அஞ்சாவது சனிக்கெழம உசுரக் கொன்னா பெருமாள் பொறுப்பாரா என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். மாசம் முடிஞ்சிருச்சுப்பா என்றாய். நாப்பது வருசமா வெரதம் இருக்கற எனக்கே நாள் கணக்கு சொல்லித் தர்றியா என்று எகிறினேன். நீ முள்ளைக் கழற்றி அதை விட்டுவிட்டாய். கரை வரும்வரை நீ துடுப்புப் போட்டபடி வந்தாய், உன் முகம் எப்படி இருந்ததோ, நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. கரையில் மாப்பிள்ளை அடுப்பு மூட்டியிருந்தார், உன் அம்மா மீனுக்கு மசாலா அரைத்து வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் விரதக்காரிதானே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த மசாலாவை உருளைக்கிழங்கில் தடவிச் சுட்டுத் தந்தாள், அதைத்தான் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பி வூட்டுக்கு வந்ததும், ஆவணியில் உன்னிடம் கிளம்பும்போது கிழிக்காமல் விட்டுப்போன தினசரிக் காலண்டரை எடுத்து ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன். இந்த வருசம் புரட்டாசிக்கு நாலு சனிதான் கனி. நாம் படகில் போன நாள் ஐப்பசி ஒன்று. உன் அம்மாவிடம் காட்டினேன். புள்ள நாம கெளம்பறதுக்கு முந்தியே என்கிட்ட போன் பண்ணி, அப்பாவுக்குப் புரட்டாசி என்னிக்கு முடியுதுனு கேட்டுக்கிட்டுத்தான் அந்த நாளுக்குப் படகு சொல்லி வச்சா, நமக்காக அவளும் மாசம் பூரா கவுச்சி தொடல, உங்க வாய்க்குப் பயந்துதான் நான் பேசல என்றாள். பெருமாள் மேல் பழியைப் போட்டுவிட்டேன். நீ மீன் பிடிப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை, அதுதான் உண்மை. பஞ்சப்பள்ளி அணைக்குத் தூண்டிலோடு போகும்போதெல்லாம் செல்வனைத்தான் வண்டியில் ஏற்றுவேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாய், பொட்டப்புள்ளைக்கு அங்க என்னா வேலை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். நீயாகவே கற்றுக்கொண்டு, பிடித்த முதல் மீனை எனக்குக் காட்டினாய். அதை நான் பார்த்த லட்சணம் இது. தப்பு என்னுடையதுதான் சாமி.

அந்த நாள் தாளை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வை, இனி எப்போதாவது நான் நாள் கணக்கு பேசினால் எடுத்துக் காட்டு. வெயிலில் தொப்பி போடாமல் தண்ணீரில் இறங்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். மறுபடியும் படகில் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

உன் அப்பா,
மாது.