கழற்றிய தாழ்ப்பாள்

ஏனுங்க,

பொழுது விடிந்ததும் முதல் வேலையாகத் தரணியின் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஏன் கழற்றுகிறேன் என்று நம் மகள் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஷிப்மென்ட் முடியும்வரை கம்பெனியிலேயே தூங்குகிறீர்கள். நேற்று போனில் சொல்ல வந்தேன். "புள்ளை பெத்த ஒடம்பு, தானாத் தெளிஞ்சுரும்" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இதைச் சாப்பாட்டுக் கேரியரில் வைக்கிறேன்.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தைரியம் சொல்லி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பழக்கும் நாகஜோதியை ஏற்பாடு செய்தது சம்பந்தியம்மாதான். வீடியோ காலில் அவரிடம் தரணி சிரித்துத்தான் பேசுவாள். நேற்று அவர், "பாப்பாவத் தூக்கிக் காட்டும்மா" என்றார். இவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொட்டா அதுக்கு ஏதாச்சும் ஆயிருங்க. நான் இல்லைன்னா நல்லா வளருங்க."

பிறகு நாகஜோதி என்னைப் போனில் தனியாக அழைத்தார். "அக்கா, நான் பேசித் தேத்துறவ. இது டாக்டர் பாக்க வேண்டியது. ஒரு நிமிசங்கூட அவளத் தனியா விட்ராதீங்க" என்றார்.

இன்று மதியம் சம்பந்தி வீட்டார் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வருகிறார்கள். விருந்துக்கும் சொல்லியாகிவிட்டது. சொந்தபந்தம் என்ன பேசும் என்று கேட்பீர்கள். நானும் விடியும்வரை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கேரியரை நீங்கள் திறக்கும்போது நம் வீடு பூட்டியிருக்கும். நாங்கள் கோயம்புத்தூரில் மனநல மருத்துவரிடம் இருப்போம். குழந்தை என் மடியில் இருக்கும்.

வருகிறவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா