ஐந்தரை மணிக்குப் போகும் நெட்

2014 நவம்பர் 11, செவ்வாய்

விடாத தூறல். சுரங்க ஷெட் வாசல் முழுக்கக் கரிச்சேறு. காலை 5.40க்கு நெட் போனது. 5.52க்குத் தானாக வந்தது. ஆறு நாளில் நான்காம் முறை. பகலில் ஒரு குறையும் இல்லை. ஆட்கள் விரல் வைக்கும் நேரத்தில் மட்டும்.

கைரேகை மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெண் குரலில் "தேங்க் யூ". ஆனால் சென்னை சர்வரில் பேர் ஏறாது. ஆறு மணிக்கு அங்கிருந்து, வாய்க்கால் தோண்டும் சைட்டின் சூப்பர்வைசர் போனுக்கு லிஸ்ட் போகும். அதில் பேர் இல்லாதவரை வாய்க்கால் கரையிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று ஆப்சென்ட், கேட் பாஸ் ரத்து. கான்ட்ராக்டர் போட்ட சட்டம்.

இன்று திரும்பி வந்தவர் மேல்பட்டாம்பாக்கம் ஆரோக்கியம் அண்ணன். நடந்தே வந்தார். இது இரண்டாவது ஆப்சென்ட்.

"அந்தம்மா தேங்க் யூ சொல்லிச்சே தம்பி. சொல்லிட்டு மாத்திப் பேசுனா எப்படி?"

நவ. 12, புதன்

காலை 5.38 – 5.49. மூன்று பேர் லிஸ்டில் விடுபட்டுத் திரும்பிப் போனார்கள். அண்ணன் ஐந்து மணிக்கே வந்து விரல் வைத்ததால் தப்பித்தார். முதல் பஸ் கிடைத்ததாம். தினமும் கிடைக்காது.

கூடை தூக்கும் அஞ்சலை: "கம்ப்யூட்டரையும் கான்ட்ராக்ட்ல எடுத்துட்டாங்களா? நெனச்சா வருது, நெனச்சா போவுது!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்தவை: டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். நெட்வொர்க் கார்டின் பவர் சேவிங் அணைத்தேன். மந்தாரக்குப்பம் கடையில் ரூட்டர் இரவல் வாங்கி மாட்டினேன். லைன் அறுபடுகிறதா என்று எட்டு மணி நேரம் பிங் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கான்ட்ராக்டரின் மேனேஜர்: "பகல்ல ஓடுதுல்ல? அப்புறம் என்னப்பா?" அவர் விரல் வைப்பதில்லை.

சாயங்காலம் அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே பேரு வரலன்னா வூட்டுக்குத் திரும்ப மாட்டேன். தண்ணி எறைக்கிற கடைசி பம்ப் பக்கம் சூப்பர்வைசர் வர்றதில்ல. அங்க நின்னு வேலய பாத்துக்கினு இருப்பேன். சாயங்காலம் நீ பேர கையால ஏத்தி வுட்டுடு."

சரி என்றேன். யோசித்திருக்க வேண்டும்.

நவ. 13, வியாழன்

கண்டுபிடித்தேன். ஸ்கிரீனைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பெர்மனென்ட் ஆட்களுக்கு லாக்கர், ஃபேன், உட்கார பெஞ்சு. இந்தக் கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. தரையில் சேறு. வரிசையில் நின்று, ஈரக் கையைத் துடைத்து, விரல் வைக்க வேண்டும். சோற்றுப் பையை எங்கே வைப்பார்கள்? சுவரோரம் தொய்வாகப் போகும் நீல கேபிளில் மாட்டுகிறார்கள். பை, மாற்றுச் சட்டை, குடை. பத்துப் பை சேர்ந்ததும் கேபிள் இழுபட்டு, கிளிப் உடைந்த முனை ரூட்டரிலிருந்து நழுவுகிறது. சைட்டுக்குப் போகும் லாரி வந்ததும் பைகளை எடுக்கிறார்கள். முனை பழைய இடத்துக்குப் போகிறது. நெட் வருகிறது.

சாப்பிடக் கொண்டுவந்த சோறே பேரை அழிக்கிறது.

மேனேஜரிடம் புது கேபிளும் கொக்கி வைத்த பலகையும் கேட்டேன். "கான்ட்ராக்ட் ஆளுக்கு லாக்கர் கேக்குதாக்கும்? திங்கக்கெழம பாப்போம்."

முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். கேபிளில் மாட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். "செரி சார்" என்றார்கள். வானம் கறுத்துக் கிடக்கிறது.

நவ. 14, வெள்ளி

இரவெல்லாம் கனமழை. ஷெட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். பையைத் தலையிலா வைத்துக்கொள்வார்கள்? மாட்டினார்கள்.

கேபிள் பக்கத்திலேயே நின்றேன். 5.40க்கு மேனேஜரின் ஜீப். குடை பிடிக்கக் கூப்பிட்டார். போனேன். திரும்பி வந்தபோது டேப் பிய்ந்து தொங்கியது. "தேங்க் யூ." ஆரோக்கியம் அண்ணன் அப்போதுதான் விரலை எடுத்தார். முனையை அழுத்தினேன். மறுபடி வைக்கச் சொல்வதற்குள் லாரி ஹாரன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார். நானும் ஆட்டினேன்.

லிஸ்டில் இருபத்தாறு பேர். அவர் இல்லை.

11.20. சைட்டிலிருந்து போன். வாய்க்கால் கரை சரிந்துவிட்டது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். சூப்பர்வைசர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு எண்ணினார். இருபத்தாறும் மேலே வந்தாயிற்று.

"அப்பாடா" என்றார் மேனேஜர். "தோண்டுற பொக்லைனை நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரையும் லாரில ஏத்துங்க."

பின்னால் அஞ்சலையின் குரல்: "ஆரோக்கியண்ணன் எங்க?"

சூப்பர்வைசர்: "அந்தாளு லிஸ்ட்லயே இல்ல. வூட்டுக்குப் போயிருப்பான்."

என் மொபைலில் அண்ணன் நம்பரை அடித்தேன். ரிங் போகிறது. போகிறது.

"இருபத்தேழு" என்றேன்.

மேனேஜர் முறைத்தார். "லிஸ்ட்ல எத்தன?"

"லிஸ்ட் தப்பு. அவர் வந்தாரு. நான் பாத்தேன். கடைசி பம்ப் பக்கம் நிக்கிறதுக்கு நான்தான் ஒத்துக்கிட்டேன்."

"வாய மூடு. நான் மேல எழுதிக் குடுத்தா நீயும் வேலைல இருக்க மாட்ட."

ஸ்பீக்கரை நோக்கிக் கத்தினேன். "இருபத்தேழு பேரு! கடைசி பம்ப்!"

அந்தப் பக்கம் பொக்லைன் மறுபடி ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

மணி நாலு. மழை நிற்கவில்லை. அண்ணன் போனில் ரிங்கும் போகவில்லை. இன்னும் தோண்டுகிறார்கள்.