குறுக்கே நின்ற கேலக்ஸி

முனிர்கா, புதுதில்லி
ஆகஸ்ட் 9

அன்புள்ள அபிராமி அண்ணிக்கு,

ஜெனி எழுதுகிறேன். நீங்களும் பட்டுக்குட்டியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. தெருவில் கொசுப்புகை அடிக்கிறார்கள். அந்த வாடை வந்தாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

பூவராகவன் அண்ணனின் முதலாண்டு நினைவு மலரில் போட, அவர் கண்டுபிடித்த ஜெட்டின் படத்தைக் கேட்டிருந்தீர்கள். மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தப் படம் வேண்டாம் அண்ணி. அது ஜெட் இல்லை.

தூரத்துக் கேலக்ஸியின், அதாவது நட்சத்திரக் கூட்டத்தின், நடுவிலிருக்கும் கருந்துளை பீய்ச்சியடிக்கும் தாரையைத்தான் ஜெட் என்போம். ரேடியோ தொலைநோக்கி எடுக்கும் படத்தில் அது கோடாகத் தெரியும். அப்படியொரு கேலக்ஸியில், யாரும் பார்க்காத பக்கத்தில் அண்ணன் ஒரு கோட்டைப் பார்த்தார். நான்கு வருடம் அதற்கே உழைத்தார். நமக்கு அருகிலுள்ள வேறொரு கேலக்ஸி பக்கவாட்டில் குறுக்கே நின்றாலும் இப்படித்தானே தெரியும் என்று எங்கள் ஆய்வுக்குழுக் கூட்டத்தில் நான் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அண்ணன் கோபப்படவில்லை. அந்தக் கோட்டின் ஒளியைப் பிரித்துத் தூரத்தை அளந்து தரும்படி அவரே ஒரு தொலைநோக்கி நிலையத்துக்கு விண்ணப்பித்தார்.

டெங்குவில் அவர் படுத்திருந்த மூன்றாம் நாள் காலை முடிவு வந்தது. அந்தக் கோட்டில் இருந்தது நட்சத்திரங்களின் ஒளி. தூரமும் அந்தக் கேலக்ஸியின் தூரத்தில் பாதிகூட இல்லை. அதைப் போனில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்கள் அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தீர்கள். முடிவு வந்ததா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப கேலக்ஸிதான்" என்றார். பிறகு, "அபிராமி ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கா. அவகிட்ட நீயே சொல்லிடும்மா" என்றார்.

மறுநாள் நீங்கள் வந்தபோது அவருக்குச் சுயநினைவில்லை. வராந்தாவில் என் கையைப் பிடித்து, அவர் கண்டுபிடித்தது நிஜம்தானே என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அது ஜெட் அல்ல என்று கட்டுரை எழுதி முடித்திருக்கிறேன். முதல் பெயர் அண்ணனுடையது. சோதித்துப் பார்க்கக் கேட்டவர் அவர்தானே. உங்கள் சம்மதம் இல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள் அண்ணி. பட்டு இப்போது முழு வாக்கியம் பேசுகிறாளா? கர்த்தர் உங்கள் இருவரோடும் இருப்பாராக.

உங்கள் பதிலுக்காக ஏங்கும்,
ஜெனி