ஆறாவது லைன் டோக்கன்

மாண்புமிகு சட்டசபை உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.

இப்படித்தான் தொடங்க வேண்டுமாம். ‘என் வாயாடிக்கு’ என்று தொடங்கி நான் போன மாதம் எழுதிய கடிதத்தை உன் மேசைக்கே அனுப்பவில்லை என்று உன் செயலாளர் போனில் சொன்னார். மரியாதையாக எழுதினால் பார்க்கலாம் என்றார். அவருக்கு வேண்டிய மரியாதையை மேலே வைத்துவிட்டேன். இனி எழுதுவது உனக்கு. இதற்கு மேலும் அவர் படித்தால் அது அவர் புத்தி.

முதலில் நல்ல செய்தி. நம் தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிற பெண்ணுக்கு இது ஏழாவது மாதம். நீ லைனை விட்டுப் போன பிறகு உன் மெஷினில் உட்கார்ந்தவள் அவள்தான். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். மாமியார் தினமும் பெரிய பாட்டிலில் நிரப்பிக் கொடுத்து அனுப்புகிறார். அது நாள் முழுக்க மெஷின் காலடியில் அப்படியே நிற்கும். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே இருக்கிற மரத்தடியில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலோடு வீட்டுக்குப் போகிறாள். அந்த மரம் நன்றாகத் தழைத்திருக்கிறது.

ஏன் குடிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். மறந்திருப்பாயோ என்ற சந்தேகத்தில் எழுதுகிறேன். லைனுக்கு ஒரு டோக்கன். உள்ளங்கை அகல மரக்கட்டை, நடுவில் ஓட்டை, மேலே சிவப்புப் பெயின்ட்டில் ஆறு. சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது ஆணியில் இருந்தால் ஒருத்தி எழுந்து கழிவறைக்குப் போகலாம். இல்லாவிட்டால், போனவள் திரும்பி வரும் வரை மற்றவர்கள் காலைப் பின்னிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். மதியத்துக்கு மேல் கேட்டால், “காலையிலதான போனே?” என்று சூப்பர்வைசர் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அதற்குப் பயந்துதான் நாம் எல்லோரும் வறண்ட தொண்டையோடு இருந்தோம்.

அந்தக் கட்டையை ஆணியிலிருந்து கழற்றி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நீ வேலையை விட்டு வந்த நாள் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. தேர்தலில் நின்றபோது பிரசார வேனில் ஏறி நின்று அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாய். “நாங்க எப்ப போகணும்னு இந்தக் கட்டைதான் முடிவு பண்ணுது, இது ஒரு முதலாளி, இதுக்கு மேல ஒரு முதலாளி” என்று நீ சொன்னதும் தெருவே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. நம்மைப் பற்றி ஒருத்தி ஒலிபெருக்கியில் பேசுகிறாளே என்று இருந்தது.

உனக்காக ஓட்டுக் கேட்டு நான் ஏறாத மாடி இல்லை. செருப்பு தேய்ந்து போய், கடைசி வாரம் என் வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவர் அப்போதே கேட்டார், “பொம்பளைங்கிறது மட்டும் போதுமா? அந்தக் கட்சி யார் காசுல நடக்குதுன்னு பாத்தியா?” என்று. நான் விடுவேனா? இத்தனை வருஷம் ஆம்பளைங்களுக்குப் போட்டீங்களே, அவங்க யாராவது எங்க கழிவறையைப் பத்திப் பேசினாங்களா என்று மல்லுக்கு நின்றேன். அன்று அவருடன் பேசாமல் படுத்தேன். உனக்காக.

நீ ஜெயித்துத் தலைநகரத்துக்குக் கிளம்பும்போது அந்தக் கட்டையை என் கையில் கொடுத்தாய். “சட்டம் வர்ற அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து இதை அடுப்பில வைக்கலாம்க்கா” என்றாய். துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். கம்பெனிக்குள்ளே ஆணியில் புது டோக்கன் தொங்கியது. இந்த முறை பிளாஸ்டிக். பரவாயில்லை, கொஞ்ச நாள்தானே என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டோம்.

பிறகு மசோதா வந்தது. வேலை செய்கிறவர்கள் யாரையும் கேட்காமல் கழிவறைக்குப் போகலாம், அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, புகார் சொன்னவளை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. விசாரணைக் குழு முன்னால் ஒரு தொழிலாளி நேரில் வந்து பேச வேண்டும் என்று எனக்குப் போன் செய்தாய். அந்த நாற்காலி விஷயத்தைச் சொல்லச் சொன்னாய். “நான் சொன்னா உறுப்பினரோட மரியாதை போயிடும்னு கட்சியில சொல்றாங்கக்கா. நீ சொன்னா சட்டம் வரும்” என்றாய்.

சொன்னேன். மைக் முன்னால், கேமரா முன்னால், முன்பின் தெரியாத ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, டோக்கன் கிடைக்காமல் மெஷினிலேயே நாற்காலி நனைந்த கதையைச் சொன்னேன். பக்கத்து மெஷின்காரி ஒரு பாட்டில் தண்ணீரைத் தெரியாமல் தட்டிவிட்ட மாதிரி மேலே கொட்டி, எல்லோரையும் நம்ப வைத்ததையும் சொன்னேன். ‘என் நாற்காலி’ என்றேன். அது யாருடைய நாற்காலி, பாட்டிலைக் கொட்டிய கை யாருடையது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இந்தக் கடிதத்திலும் அதை எழுதப்போவதில்லை.

என் மகளுக்கு அப்போதுதான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அவள் தோழிகள் எல்லோரும் டிவியில் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, “அதைப் போய் ஏம்மா ஊருக்கெல்லாம் சொன்னே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாப்பில் என்னோடு சேர்ந்து நிற்பதில்லை. பத்தடி தள்ளி நிற்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் திரும்பி வந்துவிடும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன்.

ஓட்டெடுப்பு அன்று மதிய இடைவேளையில் எங்கள் லைன் மொத்தமும் எதிர்த்த டீக்கடை டிவி முன்னால் நின்றது. உன்னைக் காட்டினார்கள். நீலப் புடவை. எல்லோரும் கைதட்டினோம். டீக்கடைக்காரர் கூடச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அப்புறம் ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது. கேமரா வரிசை வரிசையாகப் போயிற்று. உன் இடம் வந்தபோது அங்கே நாற்காலி மட்டும் இருந்தது.

ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து மசோதா தோற்றது.

சாயங்காலம் பத்திரிகைக்காரர்கள் உன்னை மடக்கிக் கேட்டபோது நீ லேசாகச் சிரித்து, “பாத்ரூம் போயிருந்தேன், வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றாயே, அதையும் பார்த்தோம். யாரும் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பட்டன் வைக்கிற பெண் மட்டும் என் பக்கம் திரும்பி, “அங்கெல்லாம் டோக்கன் கேக்க மாட்டாங்களாக்கா?” என்றாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கம்பெனிக்கு எதிராக ஓட்டுப் போடாதே என்று கட்சி கழுத்தைப் பிடித்திருக்கும். அது புரியாத பச்சைக் குழந்தை இல்லை நான். எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால்கூட, சரி, பயந்துவிட்டாள் என்று மனதைத் தேற்றியிருப்பேன். ஒளிந்துகொள்ள உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? அந்த வாரமே உன்னைப் பெண்கள் நலக் குழுவின் தலைவியாக்கினார்கள். மாலை போட்டவர்களில் நம் முதலாளியும் நிற்கிற படம் பேப்பரில் வந்தது. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். அக்கா தங்கைக்கும் அதுதான் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

ஓட்டெடுப்புக்கு மறுநாள் காலையே கேட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள். காவலாளியால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “மேல இருந்து சொல்லிட்டாங்கம்மா” என்றார். சட்டம் வந்திருந்தால் என்னை வெளியே அனுப்ப முடியாது. அதை நம்பித்தானே பேசினேன்? இப்போது வீட்டில் பேன்ட் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

இனிமேல் ஓட்டுச்சாவடிப் பக்கமே போகமாட்டோம் என்று லைனில் பாதிப் பேர் சொல்கிறார்கள். பொம்பளைக்கு ஓட்டுப் போட்டது தப்பு என்று காலர் தைக்கிறவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளோடு தெருவில் நின்று சண்டை போட்டேன். ஒருத்தி கைவிட்டால் அத்தனை பெண்களும் அப்படியா? ஆண்கள் காலம் காலமாகக் கைவிட்டபோது இனி எந்த ஆணுக்கும் ஓட்டில்லை என்று இவள் சொன்னாளா? நான் போடுவேன். பெண்ணுக்கே போடுவேன். ஆனால் அவளை நிற்க வைத்து நிறையக் கேள்வி கேட்ட பிறகு போடுவேன். உன்னை ஒன்றும் கேட்கவில்லை பார், அது என் மடத்தனம்.

அடுத்த கூட்டத்தில் மசோதா மறுபடி வருகிறதாம். கொண்டுவருவது எதிர்க்கட்சிப் பெரியவர், நாம் மீசை என்று கேலி செய்வோமே, அவர்தான். போன முறை காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தார். இந்த முறையும் ஓட்டுகள் இழுபறிதான் என்கிறார்கள். பட்டன் வைக்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறப்பதற்குள் வருமா என்று தெரியவில்லை. வந்தால் எனக்கும் வேலை திரும்பக் கிடைக்கலாம் என்கிறார்கள். அதை விடு.

இந்தக் கடிதத்தோடு அந்தக் கட்டையை வைத்து அனுப்புகிறேன். இங்கே அடுப்பில் வைக்க நான் ஒருத்தி போதாது. உன் மேசையில் வைத்துக்கொள். யாராவது என்ன இது என்று கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொள். அந்த விஷயத்தில் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன்மேல் எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது. சாகும் வரை ஆறாது. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்கிறது, என்ன செய்ய? உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி. ஓட்டெடுப்பு அன்று மட்டும் குடிக்காதே. மணி அடிக்கும்போது எவ்வளவு அவசரமாக வந்தாலும் பல்லைக் கடித்து, காலைப் பின்னிக்கொண்டு அந்த நாற்காலியிலேயே இரு. மீறி ஏதாவது ஆகிவிட்டால் பயப்படாதே. அதையும் என்னுடையது என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து மெஷின் அக்கா