பாதி தைத்த துணியை நீ யாருக்கும் கொடுத்ததில்லை

நேற்று சாயங்காலம் பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த மஞ்சள் பை மறுபடி கையில் அகப்பட்டது. உள்ளே என் மாம்பழக் கலர் ஜாக்கெட். ஒரு கை வைத்திருக்கிறது, இன்னொரு கை இல்லை. ஓரம் அடிக்கவில்லை, ஹூக் கட்டவில்லை. முதுகுப் பக்கத்து லைனிங்கில் நீ போட்ட நீல சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். தையல் மிஷின் எண்ணெய் வாசனை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்மேல்தான். இத்தனை நாளாகியும் அது தீர்ந்தபாடில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில் என் ஜெராக்ஸ் கடையும் உன் தையல் கடையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டம் என் கடையை மொய்க்கும். மற்ற நாட்களில் நீ சுவரைத் தட்டுவாய், நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ குடிக்க வந்துவிடுவேன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கி வளர்ந்தவள் நான். நீயோ தலைமுறை தலைமுறையாக டவுனில் துணியும் தையலுமாக வாழ்ந்த முஸ்லிம் குடும்பம். உங்களுக்குள் எப்படி இவ்வளவு ஒட்டு என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேருக்கும் சொவுரு ஒண்ணுதானே, அதான்" என்பாய்.

துபாயில் ஓட்டல் வேலையில் இருந்த உன் மகன், கூட வேலை செய்த இந்தோனேஷியப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது நீ சண்டை போடவில்லை. "நம்ம மார்க்கம்தான். போட்டோல சிரிச்ச மொகமா கீது. வுடுங்க" என்று உன் வீட்டுக்காரரை நீயே சமாதானப்படுத்தினாய். கல்யாணம் அங்கேயே நடந்து முடிந்தது. உன் கவலை வேறு. அவளுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு அவள் பாஷை தெரியாது. நடுவில் இருந்தது இங்கிலீஷ் மட்டும்தான். மகனை வைத்துப் பேசேன் என்றேன்.

"அவனா? நான் பத்து வார்த்த சொன்னா ரெண்ட சொல்லிட்டு மீதிய முழுங்கிடுவான். மாமியா மருமவ பேச்சுல ஆம்பளைக்கு இன்னாடி வேல? நானே பேசணும்."

அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே தாய் போய்விட்டாள் என்று தெரிந்ததும் அந்த ஆசை உனக்கு வெறியாகவே ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "தனியா போனா அவங்க சிரிப்பாங்க. ரெண்டு பேரா போனா நாமளும் சிரிக்கலாம்."

காலேஜ் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில் நாம் இருவர். பாடம் எடுத்த தம்பிக்கு உன் மகன் வயதுதான் இருக்கும். தினமும் செய்வதைச் சொல்லுங்கள், அதுதான் சாதாரண நிகழ்காலம், அங்கிருந்து தொடங்கலாம் என்றார். நீ எழுந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "ஐ ஸ்டிச் ஜாக்கெட். ஐ மேக் டீ. மை ஹஸ்பெண்ட் டிரிங்க் மை டீ" என்றாய். வகுப்பே சிரித்தது. ஹஸ்பெண்டுக்கு ஒரு 'எஸ்' சேர்க்கணும்மா, 'டிரிங்க்ஸ்' என்றார் தம்பி.

"எனக்குக் கம்மி, அவருக்கு மட்டும் ஜாஸ்தியா? இது இன்னா சார் நியாயம்?"

"'ஷி'ன்னு வந்தாலும், அவளுக்கும் உண்டும்மா."

"மருமவளுக்கும் உண்டா? அப்ப சரி, குடுத்துடலாம்."

பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், வகுப்பு லீவு. அன்றைக்குப் பாடம் உன் கடையில். துணி வெட்டுகிற மேசையில் கறுப்பு லைனிங் துணியை விரித்து, நீல சாக்பீஸால் வாக்கியம் எழுதுவாய். தட்டினால் போய்விடும், மறுபடி எழுதுவாய். பிறகு ஒத்திகை. நான்தான் உன் மருமகள். ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கேலைப் போன் மாதிரி காதில் வைத்துக்கொள்வேன். டூ யு ஈட் ரைஸ்? ஹூ குக்ஸ்? டஸ் மை சன் ஷவுட்? "யெஸ், யுவர் சன் ஷவுட்ஸ் டெய்லி" என்று வேண்டுமென்றே சொல்லுவேன். "அப்படியே அவன் அப்பன் புத்தி!" என்று நீ தமிழுக்குத் தாவிவிடுவாய்.

கடைசிக் கேள்வியில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. அதைக் கேட்கும்போது மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாய். வென் யு கெட் ஃபீவர், ஹூ சிட்ஸ் வித் யு? காய்ச்சல் வந்தால் உன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? தாயில்லாத பெண்ணிடம் வேறென்ன கேட்பது என்றாய். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்தத் தம்பியை எத்தனை தடவை படுத்தியெடுத்தாய்! அதைக் கேட்டதும் நான் ஸ்கேலைக் கீழே வைத்துவிடுவேன்.

நிகழ்காலம் முடிந்த கையோடு தம்பிக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. வகுப்பு நடந்த மாடி அறையைப் பக்கத்து லாட்ஜ்காரர் எடுத்துக்கொண்டார். நம் இங்கிலீஷ் அங்கேயே நின்றுபோனது. போகட்டும், தெரிந்தது போதும், பேசிவிடு என்று எத்தனை முறை சொன்னேன்! நீ கேட்டால்தானே. வீடியோவில் அவள் வந்தால் சலாம் சொல்லுவாய், சிரிப்பாய், "இந்தா, அவனாண்ட குடு" என்று கையைக் காட்டிவிடுவாய். போன் மகன் கைக்குப் போய்விடும்.

"ஏன்டி இப்படிப் பண்ற? கேளேன் ஒரு வார்த்த" என்பேன்.

"நேத்து நடந்தது, நாளைக்கு நடக்கப்போறது, ஒண்ணும் சொல்லத் தெரியாது எனக்கு. அவ எதுனா கேட்டா முழிக்கணும். பாதி தெச்ச துணிய நான் யார் கையிலயாச்சும் குடுத்துருக்கேனா? முழுசா கத்துக்கினு பேசறேன். எங்க ஓடிடப்போறா?"

அவள் எங்கும் ஓடவில்லை. அன்றைக்குக் காலையில் நீ கடையைத் திறந்து, மிஷினுக்கு எண்ணெய் விட்டு, என் ஜாக்கெட்டுக்கு ஒரு கை வைத்தாய். பிறகு சுவரைத் தட்டினாய். டீக்குத்தான் கூப்பிடுகிறாய் என்று சிரித்துக்கொண்டே வந்தேன். "நெஞ்சு இன்னாவோ பண்ணுதுடி" என்றாய். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி வந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் உன்னைக் கீழே இறக்கியபோது நீ இல்லை.

உன் மகன் மட்டும் ஓடிவந்தான். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கடையைக் காலி செய்கிற நேரத்தில்தான் இருவருமாக வந்தார்கள். உன் வீட்டுக்காரர் இந்த மஞ்சள் பையை என்னிடம் கொடுத்து, "பாதியில நிக்குதும்மா. வேற யார்கிட்டயாச்சும் குடுத்து முடிச்சுக்குங்க" என்றார். யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டே வாங்கிக்கொண்டேன். அவரும் மகனும் மேசையை வண்டியில் ஏற்றப் போனார்கள். நான் ஒத்திகைக்கு உட்காருகிற ஸ்டூலில் உன் மருமகள் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "டூ யு ஈட் ரைஸ்?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "யெஸ் ஆன்ட்டி. மார்னிங் ரைஸ், நைட் ரைஸ்."

"ஹூ குக்ஸ்?"

"ஹி குக். ஐ வாஷ்."

அடிப்பாவி! நீ நாள்கணக்கில் மல்லுக்கட்டிய அந்த எஸ்ஸை அவள் சீண்டக்கூட இல்லை. எந்த இங்கிலீஷுக்குப் பயந்து நீ வாயைத் திறக்காமல் இருந்தாயோ, அது அவளிடமும் இல்லை. அவளும் நம்மைப் போலக் கடைசி பெஞ்சுதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உன் மிஷினைத் தொட்டுக் காட்டி உன் கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். வென் யு கெட் ஃபீவர், ஹூ சிட்ஸ் வித் யு?

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "மம்மி ஆஸ்க் திஸ்?" என்றாள்.

"யெஸ். டெய்லி" என்றேன்.

அப்போதுதான் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. நீ எப்போதும் போனை மகனிடம் கொடுக்கச் சொன்னாயாம். அதனால் உனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தாளாம். அவளாகப் பேச நினைத்தபோதெல்லாம் பயமாக இருந்ததாம். சொல்லிவிட்டு உன் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே உன்னைத் திட்டினேன். தமிழில்தான் திட்டினேன், வாய்க்கு வந்தபடி. முழுசாகக் கற்றுக்கொண்டு பேசுகிறேன் என்றாயே, பார்த்தாயா நீ செய்த வேலையை? உன் ஆசையெல்லாம் இந்தச் சுவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியவில்லையே.

இப்போது வெள்ளிக்கிழமை ஆனால் அவள் எனக்குப் போன் செய்கிறாள். உன் கேள்விகளை உன் வரிசையிலேயே கேட்கிறேன். தப்பும் தவறுமாகத்தான். அவளும் தப்பும் தவறுமாகவே பதில் சொல்லுகிறாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் போன வாரம் வரைக்கும், "நோ ஃபீவர், ஆன்ட்டி" என்று சிரித்துத் தட்டிவிடுவாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. இந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. குரல் கம்மியிருந்தது. லேசாகக் காய்ச்சலாம், கஞ்சி குடித்தாளாம். நான் கேட்கவேயில்லை, அவளாகவே சொன்னாள், "ஹி சிட் வித் மீ" என்று. உன் மகன் வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானாம். உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.